அச்சச்சுவைப் படங்களும் அவற்றைக் காத்த அன்பரும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தார். அவற்றுள் மருட்கையும் அச்சமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டவை. வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினின்றும் தோன்றும்; அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினின்றும் தோன்றும் என்பது அவர் கருத்து. இவ்வெட்டு நிலைக்களன்களையும் உளத்திற் கொண்டு, சென்ற நூற்றாண்டில் மேனாட்டார் எடுத்த திகிற் படங்களையும் விஞ்ஞானப் புனைகதைப் படங்களையும் ஒருவர் நோக்குவாராயின், பழைய வகுப்பு புதிய கலைக்கும் பொருந்தி நிற்றலைக் காண்பார். இரத்தம் குடிக்கும் டிறாக்குலாப் பிரபு அணங்கு. நியூயோர்க் நகரின் வானளாவிய மாடத்தின்மீது ஏறி நின்ற குரங்காகிய கிங் கொங் விலங்கு. அதன் பேருருவோ மருட்கைக்குரிய பெருமை. 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த படமொன்றில் நாள்தோறும் உடல் சுருங்கிச் சென்று, ஈற்றில் ஓர் ஊசியைப் படைக்கலமாக ஏந்திச் சிலந்தியோடு பொருபவனிடத்துச் சிறுமையைக் காணலாம். 1958 இல் வந்த 'ஈ' என்னும் படத்தில் விஞ்ஞானியொருவனின் தலை ஈயின் தலையாகிவிடுகின்றது. ஒன்று பிறிதொன்றாகத் திரிதலே ஆக்கம். வேற்றுலக வித்துக்கள் உறங்குவோரின் உடலைப் படியெடுத்து அவரிடத்தைப் பற்றிக்கொள்ளும் கதை 1956 இல் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரே உடலைக் கவர்வோரைச் சுட்டுவதாதலின், கள்வரைத் தேடி வேறிடஞ் செல்ல வேண்டுவதில்லை. 1920 ஆம் ஆண்டிற் செர்மனியில் எடுக்கப்பட்ட கலிகாரிப் படத்திலே, உறங்குமொருவனை ஏவிக் கொலை செய்விக்கும் வைத்தியத் தலைவன் 'தம் இறை' என்பதற்குத் தக்க உதாரணமாவான்.

இலக்கணம் ஒப்புக்கொண்ட சுவையேயாயினும், அதனைத் தந்த படங்களுக்குக் கற்றோர் அவையில் நெடுங்காலம் இடம் இருந்ததில்லை. குறைந்த செலவில், குறுகிய நாட்களில், சிறுவரின் சில்லறைக் காசை நோக்கி எடுக்கப்பட்டவை அவற்றுட் பல. இறப்பரினாற் செய்த அரக்கனும் அட்டையினாற் செய்த ஆகாய ஓடமும் நகைப்பிற்கு இடமாயின. பத்திரிகை விமரிசகர் அவற்றை இரண்டு வரியிற் கடிந்து ஒதுக்கினர். எடுத்தோரும் பணம் வந்தபின் அவற்றை மறந்தனர். மறவாதார் ஒரு சாரார் இருந்தனர். ஒரு படத்தைப் பத்து முறை, ஐம்பது முறை பார்த்தும் அமையாது, அதன் விளம்பரத் தாள், நிழற்படம், நடிகனின் பொய்ப்பல் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தோர் அவர். உலகம் அவர்களைப் பித்தர் என்றது. அப்பித்தரின் விருப்பினாற் கலையுலகம் பெற்றது யாது, அவ்விருப்பினாலும் காக்கவியலாது போனது யாது என்பன ஆராயத் தக்கன.

திரைப்படம் நூலைப் போல அலமாரியிற் பன்னெடுங்காலம் கிடக்கக்கூடிய பொருளன்று. ஏறக்குறைய 1950 ஆம் ஆண்டு வரையும் படச்சுருள் நைற்றிறேற்று என்னும் பொருளினால் ஆக்கப்பட்டது. அது வெடிமருந்துக்கு நெருங்கிய உறவினது, எளிதிற் பற்றும், பற்றியபின் நீருள் அமிழ்த்தினும் அவியாது. தீப்படாதவிடத்தும் காலஞ் செல்லச் செல்லத் தானே பிசுபிசுத்துப் பொடியாய்விடும். அன்றியும், பேசும்படம் வந்தபின் மௌனப்படத்தை விலைகொடுத்துப் பார்ப்பாரில்லை; சுருளிலுள்ள வெள்ளியை உருக்கி எடுத்தாலாவது சிறிது பணமுண்டு. யூனிவேர்சல் நிறுவனம் தன்னிடமிருந்த மௌனப்படங்களின் மூலப் பிரதிகளை 1948 ஆம் ஆண்டில் அழித்தது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 1912 ஆம் ஆண்டிற்கும் 1929 ஆம் ஆண்டிற்கும் இடையில் அந்நாட்டில் வெளிவந்த ஏறக்குறைய 10,900 முழுநீள மௌனப்படங்களுள் நூற்றுக்குப் 14 மட்டுமே மூல வடிவிற் குறைவின்றி எஞ்சியுள்ளன எனக் கூறுகின்றது. கடல் கொண்டதென்றோ கறையான் அரித்ததென்றோ இதற்குச் சமாதானம் கூறவியலாது. உடையவரே அழித்தனர்.

சட்டத்தின் ஆணையால் அழிக்கப்படவிருந்த படமும் உண்டு. மூர்னவ் என்னும் செர்மானிய நெறியாளர் 1922 இல் 'நொஸ்பெராத்து' என்னும் படத்தை வெளியிட்டார். பிறாம் ஸ்ரோக்கர் 1897 இல் எழுதிய டிறாக்குலா நாவலை உரிமை பெறாது, பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த படம் அது. ஸ்ரோக்கரின் மனைவியார் வழக்குத் தொடுத்தார். படத்தை எடுத்த நிறுவனமோ கடனில் மூழ்கியது. 1925 இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. அம்மையாரின் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், செர்மனியின் எல்லைக்கு அப்பாற் சென்றுவிட்ட சில பிரதிகள் தப்பின. மொட்டைத் தலையும் நீண்ட நகமும் உடைய அவ்வுருவின் நிழல் படிக்கட்டில் ஏறிச் செல்லுங் காட்சியை இன்று திரைப்படக் கலை பயில்வோர் யாவரும் கற்கின்றனர். தீர்ப்பு முற்றாக நிறைவேறியிருப்பின் அக்காட்சி இல்லை.

இத்தகைய படங்களின் அன்பர் எனப்பட்டோருள் முதன்மையாக எண்ணப்படுபவர் போறெஸ்ற் ஆக்கர்மன் என்பவர். 1916 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்த அவர், ஒன்பது வயதிற் கடையொன்றிலே விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையொன்றைக் கண்டு வாங்கினார். அது அவ்வகையின் முதற் சஞ்சிகையெனப்படும் 'அமேசிங் ஸ்ரோறீஸ்'; தொடங்கி அரையாண்டே ஆகியிருந்தது. அதன்பின் அவர் தொகுப்பதை நிறுத்தியதேயில்லை. விஞ்ஞானப் புனைகதையைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் 'சை-பை' என்ற குறுக்கப் பெயரை 1954 இல் வழங்கத் தொடங்கியவரும் அவரேயென்பர். 1939 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நியூயோர்க்கில் முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மகாநாடு கூடியபோது, அவரும் அவருடைய தோழியாராகிய மேர்ட்டில் டக்ளஸ் என்பவரும் வருங்கால மனிதரைப் போல உடையணிந்து சென்றனர். அவ்வுடைகள் அவ்வம்மையாரின் கைவண்ணம். இக்காலத்து இரசிகர் கூட்டங்களிற் கதைமாந்தர் வேடம் புனைந்து வருவோர் பல்லாயிரவர். அவ்வழக்கிற்கு வித்து அன்றிடப்பட்டது. அம்மகாநாட்டிற்குச் செல்லக் கையிற் பணமின்றி ஆக்கர்மனிடம் கடன்பெற்றுச் சென்ற இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பிற்காலத்திற் புகழ்பெற்ற எழுத்தாளர் றே பிறாட்பரி.

இன்னொருவர் றே ஹரிஹவுசன். 1933 இற் பதின்மூன்று வயதுச் சிறுவனாகக் கிங் கொங் படத்தைப் பார்த்த அவர், அது எவ்வாறு செய்யப்பட்டதென அறியாது உறக்கமிழந்தார். சில ஆண்டுகளின்பின் அப்படம் மீண்டுங் காட்டப்பட்ட படமாளிகை வாயிலில் அதன் நிழற்படங்கள் சில தொங்கக் கண்டு, அவற்றைப் படியெடுத்துக்கொள்ள விரும்பினார். அவை படமாளிகைக்கு உரியனவல்ல, ஆக்கர்மன் என்பவர் இரவலாகத் தந்தவை என முகாமையாளர் கூறினார். ஹரிஹவுசன் ஆக்கர்மனைத் தேடிச் சென்றார். ஆக்கர்மன் படங்களைக் கொடுத்ததோடமையாது, தாம் சேர்ந்திருந்த புனைகதைச் சங்கத்திற்கும் அவரை அழைத்தார். ஆங்கே பிறாட்பரியின் நட்பும் வாய்த்தது. மூவர் நட்பும் இறுதிவரை நீடித்தது. ஒரு படத்தின் சில நிழற்படங்களை ஒருவர் பேணி வைத்திருந்ததன் பயன் இது.

கிங் கொங் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை விளக்கினால் அச்சிறுவனின் வியப்பு எத்தகையதென விளங்கும். திரையில் மலைபோலத் தோன்றிய அக்குரங்கு உண்மையில் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரமுள்ள பொம்மை. மூட்டுக்கள் மடங்கத்தக்க உலோக எலும்புக்கூட்டின்மேல் இறப்பரும் பஞ்சும் வைத்து, முயலின் உரோமத்தால் மூடியிருந்தனர். வில்லிஸ் ஓபிறயன் என்னும் கலைஞர் பொம்மையின் கையை ஒரு நூலளவு நகர்த்துவார், விலகி நின்று ஒரு சட்டம் மட்டும் படம் பிடிப்பார், மறுபடி நகர்த்துவார். இருபத்துநான்கு முறை இவ்வாறு செய்தாலே திரையில் ஒரு விநாடி ஓடும். படத்தைக் கூர்ந்து நோக்கின் குரங்கின் உரோமம் காற்றில் அலைவதுபோல எந்நேரமும் சிலிர்த்துக்கொண்டிருத்தலைக் காணலாம். அது காற்றன்று, ஒவ்வொரு சட்டத்திற்கும் இடையிற் பொம்மையைத் தொட்ட விரல்களின் தடம். குறையென்று நீக்கியிருக்கக்கூடிய இதனையே அன்பர் பெரிதும் விரும்புவர். பின்னாளில் ஹரிஹவுசன் ஓபிறயனுக்கே உதவியாளராகித் தொழில் பயின்றார். 1963 இல் வந்த யேசன் படத்திலே மூன்று வீரரோடு ஏழு எலும்புக்கூடுகள் வாட்போர் புரியுங் காட்சி திரையிற் சில நிமிடங்களே நிகழ்வது. அதனைத் தனியொருவராய் அசைத்து முடிக்க அவருக்கு நாலரை மாதம் சென்றது. நாளொன்றுக்குச் சராசரி பதின்மூன்று சட்டங்கள், அஃதாவது ஏறத்தாழ அரை விநாடி. 1992 இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்குச் சிறப்பு விருதளித்தது. மேடையில் அதனை வழங்கியவர் பிறாட்பரி.

இவ்விருவர் பெயரும் சேர்ந்து வந்த படம் 1953 இல் வெளியாயிற்று. பிறாட்பரியின் சிறுகதையொன்றைத் தழுவி, வடதுருவத்து அணுக்குண்டுச் சோதனையினால் துயிலெழுந்த பழம்பெரும் விலங்கொன்று நியூயோர்க்கை அழிப்பதாகக் கதை அமைந்தது. விலங்கை அசைத்தவர் ஹரிஹவுசன். அப்படத்தின் வெற்றி யப்பானிலும் எட்டியது. அந்நாட்டின் தோஹோ நிறுவனத்தார் அணுக்குண்டினால் எழுப்பப்பட்ட விலங்கு என்னும் கருவை எடுத்துக்கொண்டு 1954 நவெம்பரில் வெளியிட்டதே 'கொட்சில்லா'. லொஸ் ஏஞ்சல்சில் இளைஞர் சிலர் கூடிப் பேசிய சங்கத்தின் கிளை தோக்கியோவில் வேறு மரமாயிற்று எனலாம். வேறு மரம் என்பது வெறும் அணியன்று. அமெரிக்கருக்கு அணுக்குண்டு கதைக்கு வாய்த்த ஒரு காரணம். யப்பானியருக்கு அது பட்டறிவு.

1954 மார்ச் முதலாந் திகதி பிக்கினித் தீவிலே அமெரிக்கர் ஐதரசன் குண்டொன்றைச் சோதித்தனர். தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த யப்பானியப் படகொன்றின்மீது வெண்சாம்பல் மழைபோற் பெய்தது. படகிலிருந்தோர் இருபத்துமூவர், வானொலித் தந்தியாளராகிய குபோயாமா செப்ரெம்பர் மாதம் இறந்தார். படம் தொடங்குவதே கடலிற் பேரொளி தோன்றிக் கப்பலொன்று எரிந்து அமிழ்வதோடு என்பதை அக்காலத்து யப்பானியர் எவ்வாறு பார்த்திருப்பர் என ஊகிப்பது எளிது. நெறியாளர் இஷிரோ ஹொண்டா போர்வீரராயிருந்து மீண்டவர்; குண்டுவிழுந்த ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். எரியும் நகரின் நடுவே தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, விரைவில் தந்தையிடம் சேர்ந்துவிடுவோம் என ஒரு தாய் ஆறுதல் கூறுங் காட்சியை விலங்குப்படம் என்று கூறித் தள்ளுவார் வன்னெஞ்சர். உள்ளே மனிதனொருவன் புகுந்து நடந்த இறப்பர் உடையே கொட்சில்லா என்பது உண்மை. அவ்வுடையைக் கண்டு நகைப்பவர் அத்தாயைக் காண்பதில்லை.

நகைத்தோரைக் குறைகூறுதலும் முற்றும் பொருந்தாது. அவர்கள் பார்த்தது வேறொரு படம். 1956 இல் அமெரிக்க வியாபாரிகள் அதனை வாங்கி, பல காட்சிகளை வெட்டி, அமெரிக்கச் செய்தியாளரொருவராக றேமன்ட் பேர் என்னும் நடிகரைப் புதிதாகப் படம்பிடித்து இடையிடையே ஒட்டி வெளியிட்டனர். அணுக்குண்டு பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் மறைந்தன. யப்பானிய மூலம் அமெரிக்கப் படமாளிகைகளிற் பரவலாகக் காட்டப்பட்டது 2004 ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளும், மூலம் வேறொன்று உண்டு, அது துயரம் நிறைந்தது என்று ஓயாது எழுதிவந்தோர் பல்கலைக்கழகத்தாரல்லர். தாமே அச்சிட்ட சிறு சஞ்சிகைகளில் எழுதிய இரசிகர்.

அச்சடித்தல் என்றவுடன் மீண்டும் ஆக்கர்மனிடம் வரவேண்டும். 1957 ஆம் ஆண்டில் யூனிவேர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் ஐம்பத்திரண்டு ஒரே தொகுதியாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. தந்தையர் இளமையிற் பார்த்து மறந்த டிறாக்குலாவையும் பிறாங்கென்ஸ்ரைனின் அரக்கனையும் மைந்தர் நள்ளிரவில் வீட்டுக் கூடத்திலிருந்து கண்டனர். அவ்வலையை உணர்ந்த ஜேம்ஸ் வொறன் என்னும் வெளியீட்டாளர், ஆக்கர்மனைப் பத்திராதிபராகக் கொண்டு 1958 பெப்ருவரியில் 'பேமஸ் மொன்ஸ்ரேர்ஸ் ஒவ் பில்ம்லான்ட்' என்னும் சஞ்சிகையை வெளியிட்டார். திரையுலகின் புகழ்பெற்ற அரக்கர் என்பது அதன் பொருள். நடையிற் சிறப்புடைய சஞ்சிகையென்று அதனைக் கூறவியலாது. சிலேடை மலிந்தது, நகைச்சுவையெனக் கருதி எழுதப்பட்டவை பல இன்று வாசிப்போருக்குச் சலிப்பையே தரும். ஆயினும் அது ஒரு நற்செயலைச் செய்தது. அரக்கனின் முகத்தைக் காட்டியதோடு, அம்முகத்தை ஆக்கியவனின் பெயரையும் கூறியது. 1931 இல் பொறிஸ் கார்லொவ் என்னும் நடிகரைப் பிறாங்கென்ஸ்ரைனின் அரக்கனாக்கத் தட்டையான தலையையும் கழுத்தின் இருமருங்கும் நீட்டிய ஆணிகளையும் அமைத்தவர் ஜாக் பியேர்ஸ் என்னும் ஒப்பனையாளர். நாளொன்றுக்குப் பல மணி நேரம் அவர் பாடுபட்டார் என்பதைப் பத்து வயதுச் சிறுவர் அச்சஞ்சிகை வாயிலாக அறிந்தனர். அச்சம் நீங்கிற்று, செய்யும் ஆசை பிறந்தது.

அவ்வாசிரியருக்குப் பதினான்கு வயதளவிலே சிறுகதையொன்றை அனுப்பிய பையனின் பெயர் ஸ்ரீபன் கிங். கதை வெளியிடப்படவில்லை. ஆனால் ஆக்கர்மன் எதனையும் எறிபவரல்லர். பல்லாண்டுகளின்பின் அப்பையன் பேர்போன நாவலாசிரியனாகிக் கடையொன்றில் நூல்களிற் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தபோது, அதே தட்டெழுத்துப் பிரதியை அவர்முன் வைத்துக் கையொப்பம் கேட்டார். 1962 இல் மட்டமான திகிற் படங்களின் பட்டியலொன்றை எழுதி அச்சேறக் கண்ட ஜோ டான்ரே என்னும் சிறுவன் பின்னர்த் திரைப்பட நெறியாளரானார். அச்சஞ்சிகையை வாசித்து வளர்ந்த றிக் பேக்கர், ஒப்பனைக்கெனப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட ஒஸ்கார் விருதை 1982 இல் முதன்முதலாகப் பெற்றார்.

மட்டமான படங்கள் என்றதால் ஒரு வினா எழும். நல்ல படத்தை விரும்புதல் எவர்க்கும் இயல்பு. தீய படத்தை விரும்புதல் எங்ஙனம்? எட் வூட் என்பவர் 1956 இல் எடுத்து, 1959 இற் பொதுவாக வெளியான 'பிளான் நைன்' என்னும் படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. டிறாக்குலாவாக நடித்துப் புகழெய்தி, பின் வறுமையுற்றுப் போதை மருந்துக்கு அடிமைப்பட்டு வாடிய பேலா லுகோசியைச் சில நிமிடங்கள் படம்பிடித்திருந்தார் வூட். 1956 ஓகஸ்ற் மாதம் லுகோசி இறந்தார். வூட் அச்சில நிமிடங்களைச் சுற்றி ஒரு கதையை எழுதி, எஞ்சிய காட்சிகளுக்குத் தம் மனைவியின் எலும்பு வைத்தியரை நடிக்கவைத்தார். அவ்வைத்தியர் லுகோசியினும் உயர்ந்தவர், முகச்சாயலும் வேறு, ஆகவே படம் முழுவதும் போர்வையால் முகத்தை மறைத்தவாறே நடந்தார். கல்லறைகள் அசைகின்றன, ஒரே காட்சியிற் பகலும் இரவும் மாறிமாறி வருகின்றன. 1980 ஆம் ஆண்டில் நூலாசிரியர் இருவர், வாசகர் வாக்கைக் கொண்டு, உலகத்தின் மிகத் தாழ்ந்த படம் இதுவேயென அறிவித்தனர். வூட் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1978 டிசெம்பரில், குடியிருந்த வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டு, நண்பரொருவர் இல்லத்தில் இறந்திருந்தார்.

எள்ளி நகையாடக் கூடியோருட் சிலர் படம் முடிந்தபின்னும் எழுந்து செல்லவில்லை என்பதே கருதத்தக்கது. மறுபடியும் வந்தனர். குறைகள் அனைத்தையும் மனப்பாடஞ் செய்தபின், அக்குறைகளின் ஊடே, இறந்த நண்பனின் கடைசி நிமிடங்களை வீணாக்க மனமில்லாத ஒருவனைக் கண்டனர். பகுத்தறிவற்ற மானிடர் அகிலத்தையே அழிக்கத்தக்க குண்டைச் செய்துவிடுவர் என வேற்றுலகத்தார் அஞ்சுவதே அப்படத்தின் கதையென்பதையும் கண்டனர். கொட்சில்லாவை ஆக்கிய அச்சம் வகையறியாத கையிற் பட்ட வடிவம் அது. 1994 இல் ரிம் பேர்ட்டன் என்னும் நெறியாளர் வூட்டின் வாழ்க்கையைப் படமாக்கினார். முதிய லுகோசியாக நடித்த மார்ட்டின் லான்டோ ஒஸ்கார் பரிசு பெற்றார். 'பிளான் நைன்' இதனால் நல்ல படமாகிவிடவில்லை. அது தீய படமே. தீயதென அறிந்தும் அதனைச் செய்தவன்பால் இரங்கும் மனம் எள்ளலினும் உயர்ந்தது எனக் கொள்வதில் தவறில்லை.

உடைமை பற்றிய ஒரு செய்தி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பிற்ஸ்பேர்க் நகரில் ஜோர்ஜ் றொமேறோவும் நண்பரும் ஏறத்தாழ 1,14,000 டொலர் செலவில் எடுத்த பிணங்கள் எழும் கதை 1968 இல் வெளிவந்தது. விநியோகஸ்தர் கடைசி நேரத்திற் படத்தின் பெயரை மாற்றினர். பழைய பெயர்ப் பலகையோடு சேர்ந்திருந்த பதிப்புரிமைக் குறிப்பு புதிய பெயர்ப் பலகையில் விடுபட்டது. அக்காலச் சட்டப்படி, குறிப்பில்லாத படம் எவர்க்கும் பொது. எடுத்தவருக்கு வந்திருக்கவேண்டிய பெருஞ்செல்வம் வரவில்லை, அது அநீதியே. ஆனால் எவரும் பிரதியெடுக்கலாம், எவரும் காட்டலாம் என்ற நிலையினாற் படமாளிகை தோறும் நள்ளிரவுக் காட்சியாகவும், தொலைக்காட்சியிலும், வீட்டு நாடாவிலும் அப்படம் பரவியது. 1999 இற் காங்கிரசு நூலகம் அதனைப் பேணத்தக்க தேசியப் படங்களுள் ஒன்றாக ஏற்றது. உரிமை தவறாது நிலைநாட்டப்பட்ட நொஸ்பெராத்து தீக்கு இரையாக இருந்தது; உரிமை தவறிப்போன இது ஊரெங்கும் வாழ்ந்தது.

ஆக்கர்மன் எல்லாப் படங்களினும் மேலாகப் போற்றியது பிறிற்ஸ் லாங் நெறிப்படுத்திய 'மெற்றோபொலிஸ்'. 1927 சனவரியிற் பேர்லினில் வெளியான அப்படம், நிலத்தின்மேல் இன்புறும் முதலாளிகளும் நிலத்தின்கீழ் இயந்திரத்தோடு உழலும் தொழிலாளருமாகப் பிளவுண்ட எதிர்கால நகரைக் காட்டுவது. சில மாதங்களுள் அது நீளமானதென்று வெட்டப்பட்டது. ஏறத்தாழ நாலிலொரு பங்கு போயிற்று. ஆக்கர்மன் பலமுறை பார்த்தது வெட்டுண்ட படத்தையே. முழுப்படம் ஒழிந்ததெனவே அறிஞர் முடிவு செய்திருந்தனர்.

ஆனால், வெட்டப்படுமுன் ஒரு பிரதி ஆர்ஜென்ரீனாவுக்குச் சென்றிருந்தது. புவனஸ் அயேர்ஸ் நகரத்து விமரிசகர் ஒருவர், மனுவெல் பேனா றொட்றிகேஸ் என்பார், அதனைத் தம் சொந்தத் தொகுப்பிற் சேர்த்தார். பின்னர் அது கைமாறி, பதினாறு மில்லிமீற்றர்ச் சிறு சுருளாகப் படியெடுக்கப்பட்டு, 1992 இல் நகரத்துத் திரைப்பட நூதனசாலையிற் சேர்ந்து உறங்கியது. அந்நகரில் பெர்னாண்டோ பேனா என்னும் இளம் படச்சுவைஞர், திரைப்படக் கழகமொன்றை நடத்திய முதியவர் வாயிலாக ஒரு செய்தி கேட்டிருந்தார். பல்லாண்டுகளுக்கு முன் மெற்றோபொலிஸ் காட்டியபோது, சுருள் துள்ளியதால் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக எறியியின் வாயிலில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கவேண்டியிருந்ததென அம்முதியவர் கூறியிருந்தார். வேறெவரும் அதனைக் களைப்புற்ற ஒருவரின் முறைப்பாடாகவே கேட்டிருப்பர். படத்தின் நீளத்தை நன்கறிந்த பேனாவோ, வெட்டுண்ட படம் அவ்வளவு நேரம் ஓடாதே எனச் சிந்தித்தார். சுருளைப் பார்க்க அவருக்கு இருபதாண்டு அளவில் வாய்ப்புக் கிட்டவில்லை. நூதனசாலைக்குப் போலா பெலிக்ஸ்-டிடியேர் என்னும் அம்மையார் தலைவரானபின், 2008 இல் இருவரும் பெட்டியைத் திறந்தனர். ஒழிந்தனவெனக் கருதப்பட்ட காட்சிகள் அதிலிருந்தன. நெடுகக் கீறல் விழுந்து மழைபெய்வது போலத் தோன்றிய அக்காட்சிகளைச் செர்மனியில் மூர்னவின் பெயரால் விளங்கும் நிறுவனத்தார் சேர்த்துத் திருத்தினர். ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் மீண்டது. 2010 பெப்ருவரியிற் பேர்லினில் அது காட்டப்பட்டது. ஆக்கர்மன் அதனைக் காணவில்லை. 2008 டிசெம்பர் நாலாந் திகதி தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் காலமானார்.

அவர் தொகுத்தவை ஒருகாலத்தில் 3,00,000 என எண்ணப்பட்டன. பதினெட்டு அறைகள் கொண்ட வீட்டிற் சுவரும் தெரியாது நிறைந்திருந்த நூல்கள், விளம்பரத் தாள்கள், அரக்க முகங்கள், லுகோசியின் மோதிரம் ஆகியவற்றைச் சனிக்கிழமைகளில் வருவோர்க்கெல்லாம் கட்டணமின்றித் தாமே காட்டி விளக்குவார். வந்தோருட் சிலர் பொருள்களைக் கவர்ந்து சென்றதும் உண்டு. பொது நூதனசாலையொன்று இவற்றை ஏற்கவேண்டுமென்பது அவரது நெடுநாள் விருப்பம், அது நிறைவேறவில்லை. முதுமையிற் செலவு மிக, 2002 இற் பெரும்பாலானவற்றை விற்றுச் சிறு வீட்டிற்குப் பெயர்ந்தார். ஆங்கும் சனிக்கிழமைதோறும் கதவு திறந்திருந்தது. எஞ்சியவை 2009 இல் ஏலத்திற் பல திசைக்கும் பிரிந்தன. தனியொருவர் விருப்பு அவரோடு முடிவதே அதன் குறை. ஆயினும், அரசும் நிறுவனமும் அந்நாளில் ஒரு பொய்ப்பல்லையேனும் பேண முன்வந்ததில்லை.

அப்பொய்ப்பல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. லொன் சேனி என்னும் மௌனப்பட நடிகர் 1927 இல் 'நள்ளிரவின்பின் இலண்டன்' எனப் பொருள்படும் படத்திற் கூரிய பற்களும் உயர்ந்த கருந்தொப்பியும் அணிந்து தோன்றினார். ஆக்கர்மனின் வீட்டிற் பார்வையாளர் தவறாது கேட்டுக் கண்டவற்றுள் அப்பற்களும் அத்தொப்பியும் சேர்ந்தவை. படத்தின் எஞ்சிய பிரதியெனக் கருதப்பட்டது 1965 இல் மெற்றோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தின் சேமிப்பறை தீப்பற்றியபோது எரிந்தது. 2002 இல், படப்பிடிப்பின்போது எடுத்த நிழற்படங்களைக் கதை வரிசைப்படி அடுக்கி, முக்கால் மணி நேரம் தொலைக்காட்சியிற் காட்டினர். சேனி தொப்பியோடு நிற்கின்றார், அசைவதில்லை.